சுவர்ப் பக்கத்துக் கதவு

சித்தி வேலை பார்க்கும் கார்ப் பட்டறையில் எல்லோரும் அவளை எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். கீறல் விழுந்த கார்களுக்குப் பொருத்தமான பெயின்ட் கலப்பது அவள் வேலை. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் நிற எண்ணைப் பார்த்து, தராசில் கிண்ணத்தை வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஓர் அட்டையில் தீற்றி, காய்ந்ததும் வெளிச்சத்தில் காரோடு ஒட்டிப் பார்ப்பாள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். அது காயும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அதற்குள் நாலு பேர் வேலையில் மூக்கை நுழைத்துவிட்டு வந்துவிடுவாள்.

முதலில் ரசீது போடத்தான் சேர்ந்தாள். வேலை முடிந்து நின்ற ஒரு காரைப் பார்த்து, கதவு ஒரு வெள்ளை, பம்பர் ஒரு வெள்ளை என்று சொல்லிவிட்டாள். அப்போது கலந்துகொண்டிருந்தவர், அப்படியானால் நீயே கலந்து பார் என்று கிண்ணத்தை நீட்டினார். பதினாறு வருடம் ஆகிவிட்டது. வீட்டிலும் அதே கண்தான். படிப்புக்காக நான் அவள் வீட்டுக்கு வந்த முதல் நாளே, என் சட்டையில் மாற்றித் தைத்த பொத்தானைக் கண்டுபிடித்தாள். மற்றதைவிட அது கொஞ்சம் மஞ்சளாம்.

சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். சாம்பல் நிறக் கார், வெயில் பட்டால் உள்ளே வெள்ளிப் பொடி மினுங்கும். இருட்டோடு கிளம்பி இருட்டியபின் வருவார், சில நாள் ராத்திரியும் ஓட்டுவார். சந்தில் நிறுத்தும்போது பயணி பக்கத்துக் கதவு சுவரை உரசாமல், நூல் பிடித்தாற்போல் ஒட்டி நிறுத்துவார். அந்தக் கைநேர்த்தியைச் சித்தி பட்டறை முழுக்கப் பீற்றிக்கொள்வாள்.

ஒரு கம்பெனி தன் ஆட்களை ஏற்றி இறக்க நிரந்தரமாகக் கார் எடுப்பதாக இருந்தது. காலை ஒன்பது மணிக்குப் பரிசோதனை. ஒரு கீறல்கூட இருக்கக் கூடாதாம். முந்தின நாள் மத்தியானம் பின்னால் எடுக்கும்போது, சுவரில் இருந்த இரும்புக் கொக்கி சுவர்ப் பக்கத்து முன்கதவில் விரல் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது.

சித்தி நிற எண்ணை ஃபோனில் கேட்டுப் பட்டறையிலேயே கலந்து, கூடவே கறுப்பு, வெள்ளி, நீலம் என்று சின்னக் குப்பிகளைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு நாலு மணிக்கு வந்துவிட்டாள். ஆறு மணிக்கு வெளிச்சம் போய்விடும். டியூப்லைட்டில் பொருந்துவது வெயிலில் பல்லை இளிக்கும் என்பாள்.

முதல் அட்டை சேரவில்லை. கறுப்பு ஒரு சொட்டு. சேரவில்லை. நீலம். கிட்டே வருகிறது, ஒட்ட மாட்டேன் என்கிறது. கூந்தலை அவிழ்த்து முடிந்தாள். உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள், அணைந்துதான் இருந்தது. வானத்தைப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டு, உன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று மூன்று தடவை கேட்டாள். அவள் குரலில் பயம் இருந்தது. அந்தக் கண்ணை வைத்துத்தானே அவள் பிழைப்பு.

சித்தப்பா பக்கத்திலேயே நின்று, சும்மா பூசிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாக்குறதுக்குன்னே ஒரு ஆள் வர்றாருங்க. கொஞ்சம் வெளிச்சத்தை விட்டு நகருங்க."

ஐந்தாவது அட்டையைத் தீற்ற இடம் வேண்டி, முதல் அட்டையை பானெட் மேல் வைத்தாள். மறுபடி எடுக்கப் போனபோது தீற்றிய இடம் கண்ணில் படவில்லை. அட்டையின் வெள்ளை ஓரம் மட்டும் தெரிந்தது.

சித்தி அந்த அட்டையோடு காரைச் சுற்றினாள். கூரை, பின்கதவு, டிக்கி, எங்கே வைத்தாலும் நிறம் கரைந்து போனது. கீறல் விழுந்த கதவில் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. கதவைத் திறந்து, ஓரத்து ரப்பரை நகத்தால் தூக்கினாள். அடியில் நூல் கனத்துக்குச் சிவப்பு.

"இந்தக் கதவு எங்கேருந்துங்க வந்துச்சு?"

சித்தப்பா சுவரையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். மூன்று வருடம் முன்பு, என் அம்மாவின் ஆபரேஷனுக்காகச் சித்தி எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்த சமயம். இரண்டு ராத்திரி தூங்காமல் ஓட்டிவிட்டு, விடியற்காலையில் கண் அசந்து ஒரு தூணில் இடித்திருக்கிறார். நல்லவேளை, காரில் வேறு யாரும் இல்லை. பழைய கார் பிரிக்கிற கடையில் ஒரு கதவு வாங்கி, எங்கேயோ தூரத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டார். நெற்றியில் நாலு தையல். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சித்தியிடம் சொன்னார்.

அன்றிலிருந்து சித்தி தினமும் சாயங்காலம் பாத்ரூம் தரையைப் பிரஷ் வைத்துத் தேய்க்கிறாள். ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டிருக்கிறாள். அவர் குளிக்கப் போனாலே, பார்த்து, வழுக்கும் என்று சமையலறையிலிருந்து அவள் குரல் வரும்.

"மூணு வருஷமா குனிஞ்சு தேய்ச்சேனே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"சொன்னா ராத்திரி ஓட்ட விட மாட்டே."

சித்தி கிண்ணத்தை எடுத்தாள். வெயில் சுவரின் மேல்விளிம்புக்கு ஏறியிருந்தது. நிற எண்ணை விட்டுவிட்டு அந்தக் கதவுக்கென்றே கலந்தாள். வெள்ளி கூடுதல், கறுப்பு ஒரு சொட்டு. ஆறாவது அட்டை ஒட்டியது. தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் கீறலைத் தேய்த்து, மெல்லிய பிரஷ்ஷால் மூன்று தடவை தீற்றி, மேலே பளபளப்புப் பூச்சு கொடுத்து முடித்தபோது தெருவிளக்கு எரிந்தது. கோடு இருந்த இடம் தெரியவில்லை.

சித்தப்பா, எறும்பு எறும்புதான் என்று சிரிக்கப் பார்த்தார். அவள் கம்பெனி விண்ணப்பத்தை எடுத்து வந்து அவர் முன் வைத்தாள். பகல், இரவு என்று இரண்டு கட்டம். இரண்டிலும் அவர் குறி போட்டிருந்தார்.

"ராத்திரிக் குறியை நீங்களே அடிச்சு விடுங்க."

"ராத்திரிக்குத்தான் ஆள் வேணுமாம். பகல் மட்டும்னா எடுப்பாங்களோ என்னவோ."

"எடுக்கலைன்னா வேண்டாம்."

பேனாவை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு அந்தக் குறியை அடித்தார்.

மறுநாள் பரிசோதகர் கதவை உள்ளங்கையால் தடவிவிட்டுத் தலையாட்டினாராம். பகல் மட்டும் போதுமா என்று மேலே கேட்டுவிட்டுத் தகவல் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் தரை தேய்க்கும் நேரம் வந்தது. சித்தி வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். கடைசியில் ரப்பர் விரிப்பைக் கழுவி, டிரைவர் சீட்டுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்.

ஐந்தாம் நாள் ஃபோன் வந்தது. பகல் மட்டும், வாரத்தில் நாலு நாள். சித்தப்பா இப்போது காரைத் திருப்பி நிறுத்துகிறார். அந்தக் கதவு வீட்டைப் பார்த்து நிற்கிறது. கடந்து போகும்போதெல்லாம் சித்தி அதையும் பானெட்டையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ஒரு லீவு நாளில் முழுக் கதவுக்கும் பானெட் நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிடேன் என்று அவர் கேட்டார்.

"இருக்கட்டும்" என்றாள். "தெரியட்டும்."