உதட்டை வாசித்த பிள்ளைகள்

அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இன்னும் ஒரு பிள்ளை போனால் இரண்டு ஆசிரியர்களில் ஒருவருக்கு இடமாற்றம். பிந்தி வந்து சேர்ந்தவள் நான், ஆகவே கிளம்ப வேண்டியவளும் நான்தான்.

அந்த நேரம் பார்த்து, நடவுக்குப் போகும் ஒரு அம்மா சேறு காயாத காலோடு வந்து நின்றாள். என் வகுப்பில் படிக்கும் மகளை அம்பாசமுத்திரத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறாளாம்.

“இங்கன படிச்சா இங்கிலீசு எங்க டீச்சர் வரப்போவுது?”

எனக்குச் சுருக்கென்றது. இங்கிலீஷ் எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்கு அலையாய் அலைந்தவள் நான். சி, ஏ, டி என்ற மூன்று எழுத்தின் ஒலியையும் சேர்த்துச் சொன்னால் ‘கேட்’, பூனை. அட்டையைத் தூக்கினாலே என் பிள்ளைகள் கத்துவார்கள்.

“ஏட்டி, இங்க வா. அம்மைக்கு வாசிச்சுக் காட்டு.”

ஐந்து அட்டை. ஐந்தையும் சொன்னாள். நான் அந்த அம்மாவை மிதப்பாகப் பார்த்தேன்.

“நீங்க வாய அசைக்கிய டீச்சர். அதப் பாத்துல்லா சொல்லுதா.”

என்ன திமிர் என்றுதான் நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அட்டையைக் காட்டினேன். பிள்ளை அட்டையைப் பார்க்கவே இல்லை. முந்தானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களையும் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் வரவில்லை. அத்தனை பேரும் என் உதட்டைத்தான் வாசித்திருக்கிறார்கள். மானம் போயிற்று.

“தப்பு என் மேலதாம்மா. முழுப்பரீட்சை வரைக்கும் விட்டு வையி. வாசிக்க வச்சுக் காட்டுதேன்.”

அரைமனதாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தோளுக்கு மேல் கையை நீட்டி அட்டையை வைப்பேன். முதல் வாரம் ஒரே அழுகை. திரும்பித் திரும்பி என் முகத்தைத் தேடுவார்கள். நானும் பொறுமை கெட்டுக் கத்தியிருக்கிறேன். தை மாதம் ஒரு காலையில் அந்தப் பிள்ளை, அட்டையில் விரல் வைத்து, முக்கி முக்கி, நான் ஒருநாளும் சொல்லிக்கொடுக்காத ‘ஜக்’ என்ற சொல்லை வாசித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் பாட்டுக்கு அடுத்த அட்டை கேட்டாள்.

பரீட்சை முடிந்ததும் அம்மா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அந்த இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல வாசிக்கச் சொல்லிப் பாத்தாவ டீச்சர். கடகடன்னு வாசிச்சிட்டா, ஒடனே எடுத்துக்கிட்டாவ. எல்லாம் ஒங்களாலதான். டிசி தந்திருங்க.”

வாசிக்க வராமலே இருந்திருந்தால் இங்கேயே இருந்திருப்பாளே என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். ஒரு டீச்சருக்கு வரக்கூடிய நினைப்பா அது? டிசியை எழுதிக் கொடுத்தேன்.

அதை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தபடி அவள் சொன்னாள்: “சின்னவ இருக்கா டீச்சர். அவள ஒங்ககிட்டதான் விடுவேன். வாசிக்க வந்ததும் அங்க மாத்திக்கிடுதேன்.”

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வயசு என்ன என்று கேட்டேன். அஞ்சு முடிஞ்சிட்டு என்றாள். சேர்க்கை நோட்டை எடுத்து, புது ஆண்டின் முதல் பெயராகச் சின்னவளை எழுதிக்கொண்டேன்.