மிளகாய்க்குப் பக்கத்தில் காயவைத்த இசைத்தட்டு

யாரும் கேள்விப்படாத ராக் ஓபரா இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவன் நான். பாட்டாலேயே முழுக்கதை சொல்பவை அவை. புதிதாகக் கிடைத்த ஆல்பத்தின் இரண்டு தட்டுகளிலும் பூசண வாடை அடித்தது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் மெத்தை முதல் மிளகாய் வரை எல்லாவற்றுக்கும் மொட்டைமாடி வெயில்தான். கேட்பதற்கு முன் முதல் தட்டைக் கழுவி, மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

மிளகாயை அள்ளப் போன மனைவி மேலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இது இப்படித்தான் இருக்குமா? ஓரமெல்லாம் அப்பளமாட்டம் சுருண்டு கெடக்கு."

ஓடிப்போய் எடுத்து அழுத்திப் பார்த்தேன்; நிமிரவில்லை, பிளேயரில் வைத்தால் முள்ளும் அதில் நிற்கவில்லை. அந்த ஆல்பம் வேறெங்கும் கிடைக்கவுமில்லை.

இப்போது எந்தத் தட்டையும் நிழலில், மின்விசிறிக் காற்றில்தான் உலர்த்துகிறேன். தப்பிய இரண்டாவது தட்டில் நாயகனைத் தூக்கில் போடுகிறார்கள். அவன் செய்த குற்றம் என்னவென்று எனக்குத் தெரியவே போவதில்லை.