ஜப்பான் கக்கூசும் என் பெர்மெஸ்ஸோவும்

இத்தாலியில், பலெர்மோவில் நான் பொலிசுக்குப் பயந்ததை விட ஒரு கக்கூசுக்குப் பயந்ததுதான் அதிகம். தொண்ணூறுகளின் நடுவில் வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் வேலை செய்தேன். வீட்டுக்கார அம்மாவான சின்யோராவும் அவருடைய கணவரும் மட்டும்தான். ஐயாவுக்கு இடுப்பு வருத்தம், குனிய முடியாது. ஜப்பானில் வேலை பார்த்த மகன் அவருக்கென்று கரண்டில் இயங்கும் கக்கூஸ் இருக்கை ஒன்றை அனுப்பியிருந்தான். அதன் ஓரத்தில் வரிசையாகப் பொத்தான்கள், எல்லாவற்றிலும் ஜப்பான் எழுத்து.

முதல் நாள் துடைக்கக் கை வைத்தேன். சூடாக இருந்தது. ஒருவரும் இருந்து எழும்பாத இருக்கை சூடாக இருந்தால் என்ன நினைப்பது? கரண்ட் கசிகிறது என்றே நினைத்தேன். பல வருடமாகக் கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். பதறி விழப்போனவள், பிடித்துக்கொண்டது அந்தப் பொத்தான்களை. உள்ளேயிருந்து ஒரு சின்னக் குழாய் மெல்ல நீண்டு வந்து, ஆளைப் பார்த்து அளவெடுத்து, நேரே என் முகத்தில் பீச்சியது. "ஐயோ முருகா!" என்று நான் போட்ட சத்தத்துக்கு ஐயா வரவேற்பறையில் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு கிழமை போகப் பயம் கொஞ்சம் தெளிந்தது. தெளிந்ததுதான் வினையாகப் போனது. வாளி வாளியாகத் தண்ணீர் அடித்துக் கழுவினால்தான் எங்கள் ஆட்களுக்குக் கக்கூஸ் சுத்தம். இங்கே துணியால் துடைத்தால் போதும் என்று சின்யோரா இரண்டு தரம் சொல்லியிருந்தார். அவர் சந்தைக்குப் போன நேரம், மனம் கேளாமல் ஒரு வாளி தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் கரண்டின் நினைவு வந்தது.

அன்று பின்னேரமே ஐயா கத்தத் தொடங்கினார். இருக்கை பச்சைத்தண்ணீராய்க் குளிர்ந்து கிடந்தது, எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. நான் அதைக் கொன்றுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் க்வெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோருக்குப் போய், இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு சின்யோரா வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். கேட்டால், ஐயாவின் அறையைக் காட்டி, "அவர் கோபம் அடங்கட்டும்" என்றார். சீசா என்ற பகுதியில் இருந்த எங்கள் அறையில் என் மனுசனிடம் அழுதேன்.

"வாயைத் திறவாதை. தெரிஞ்சால் வேலையால நிப்பாட்டிப் போடுவினம்."

"தெரியாமலா இருக்கும்?"

"பேப்பர் கைக்கு வரும்வரை நீ ஒண்டும் கதையாதை."

மூன்று நாள் மனுசன் சொன்னபடி இருந்தேன். வியாழக்கிழமை தாங்க முடியாமல், சமையலறையில் சின்யோராவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் சொல்லிவிட்டேன்.

"சின்யோரா, நான்தான் தண்ணி ஊத்தினனான். நான்தான் பழுதாக்கினது."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அது பழுதாகேல்லை. சந்தையால வந்து ஈரத்தைப் பார்த்தன். இந்த மனுசன் கரண்ட் அடிச்சுச் செத்துப் போடும் எண்டு பயந்து, பின்னாலை பிளக்கைக் கழட்டிவிட்டன்."

எனக்கு ஆத்திரமும் வந்தது, உயிரும் வந்தது. மூன்று நாள் இந்த மனுசி என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். அவருக்கும் பயம்தான்: மகன் அனுப்பிய சாமானை மறித்து வைத்தது தெரிந்தால் ஐயா வீட்டை இரண்டாக்குவார்.

அவர் கடிதத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தார். கையில் தரும்போது பிடியை விடவில்லை.

"பிளக்கையும் நீதான் கழட்டினது எண்டு அவரிட்டைச் சொல்லு."

அப்போதே போனேன். கடிதம் கைப்பையில், கைப்பை நெஞ்சோடு. ஐயாவின் முன்னால் தலைகுனிந்து நின்று, ஊற்றியதும் நான், கழட்டியதும் நான் என்றேன். காட்டிலிருந்து வந்தவள் என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். சின்யோரா வாசலில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்யாத குற்றத்துக்கும் சேர்த்து மூன்று தரம் மன்னிப்புக் கேட்டேன். சந்தோஷமாகக் கேட்டேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.