செருப்புத் தட்டில் முருகன்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவருபவர், அதை வாசலில் செருப்பு அடுக்கும் தட்டில் வைத்துப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டுப் போவார். அன்று அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டிக்குள் இருந்தது பூஜை அறைக்கு வாங்கிய முருகன் படம். பெட்டியோடு ஓடிப்போய் மின்தூக்கி வாசலில் அவரைப் பிடித்தேன்.

“சாமியைச் செருப்பு மேலயா வைப்பீங்க, தம்பி?”

அவர் பதறிப்போனார். “உள்ள என்னன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? வெளிய பார்த்தா எல்லாம் ஒரே டப்பாதான் லா. சாரிக்கா.” பெட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

அதன்பிறகு எதைக் கொண்டுவந்தாலும் பையில் போட்டு, இரும்புக் கதவின் மேல்கம்பியில், மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுகிறார். நேற்றும் அப்படித்தான் படம் வந்தது. தோரணத்தோடு பயபக்தியாகத் தொங்கிக்கொண்டிருந்தது, நான் வாங்கிய புதுச் செருப்பு.