சீமைக் கருப்பட்டி

எங்கள் தெருவின் கருவாட்டு வாடைக்கு நடுவே பெட்ரோல் வாசனை வந்தால், சுடலைமுத்து அண்ணாச்சியின் கார் முனையில் திரும்புகிறது என்று பொருள். யுத்தகாலம் அது. பெட்ரோலும் துணியும் ரேஷனில் அளந்து கிடைத்த அந்த நாட்களில், அவருடைய மகளும் என் வகுப்புக்காரியுமான ராஜகனி, பட்டுப்பாவாடையும் முத்துத்தோடுமாகப் பள்ளி வாசலில் இறங்குவாள். நானோ அம்மாவின் பழஞ்சேலையில் தைத்த பாவாடையை இழுத்துவிட்டபடி அவள் காதையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அண்ணாச்சியும் என் அப்பாவும் ஒருகாலத்தில் ஒன்றாகத் தோணிகளில் உப்பு மூட்டை ஏற்றியவர்கள். பிறகு அவர், கொழும்புக்குப் போகும் கருப்பட்டிச் சிப்பங்களுக்குள் அபினை ஒளித்து அனுப்பத் தொடங்கினார். தெருவில் அதற்கு ‘சீமைக் கருப்பட்டி’ என்று பெயர். கடற்கரையில் மாடிவீடு எழுந்தது. எதிர்த்தவனை அடித்துப்போட ஆட்கள் சேர்ந்தார்கள். அவர் கண்ணசைக்காமல் துறையில் ஒரு தோணியின் பாயும் விரியாது என்றார்கள். அபின் தின்று பழகிய சுமைக்காரர்கள் வெயிலில் சுருண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் என் மனம் அந்தத் தோட்டைவிட்டு நகரவில்லை.

அப்பாவையும் அவர் தொழிலுக்குக் கூப்பிட்டிருந்தார். அப்பா போகவில்லை. அம்மாவால் அதை மன்னிக்கவே முடியவில்லை.

“அன்னைக்குப் போயிருந்தியன்னா, இன்னைக்கு அந்தக் காருல நாமல்லா போவோம்?”

“ஏளா, எனக்குத் தூக்கம் வரணும்லா.”

“தூங்கி எந்திரிச்சு என்னத்தக் கண்டிய?”

கடைசியில், அண்ணாச்சியிடம் செருப்படி பட்ட தோணிக்காரர் ஒருவர் சுங்கத்தாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். பட்டப்பகலில், ஊரே பார்க்கச் சிப்பங்களை உடைத்தார்கள். விலங்கிட்டு எங்கள் தெரு வழியாக அவரை நடத்திவந்தபோது, அம்மா சப்பரம் பார்க்கப் போகிறவள்போலத் தலைசீவிப் பூவைத்து வாசலுக்கு வந்தாள். எனக்கும் உள்ளுக்குள் இனித்தது.

பின்னாலேயே ராஜகனி வெறுங்காலோடு ஓடிவந்தாள். அவர் நின்றார், போலீஸ்காரர்களும் நின்றார்கள். பூட்டிய இரண்டு கைகளையும் சேர்த்துத் தூக்கி அவள் கன்னத்தைத் துடைத்தார்.

“அழாத தாயி. அப்பா வந்துருவேன்லா.”

என் அப்பா நல்லவர். ஆனால் ஒருநாளும் என்னை அப்படி அழைத்ததில்லை. தெருவே உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தபோது, அந்த மனிதரின் மகள்மீது எனக்கு முன்னைவிடப் பொறாமையாக இருந்தது.

அவர் திரும்பி வரவில்லை, சிறையிலேயே இறந்துபோனார். ராஜகனியும் அவள் அம்மாவும் விளாத்திகுளம் பக்கம் போய்விட்டார்கள். மாடிவீடு இருந்த இடத்தில் இன்று கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. சுடலைமுத்து என்ற பெயர் துறையில் யாருக்கும் தெரியாது. அம்மாவும் அப்பாவும் போய் நெடுங்காலமாகிறது. கடைத்தெருவில் எவராவது தன் மகளைத் ‘தாயி’ என்று கூப்பிட்டால், இந்த வயதிலும் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.