கொக்குகளுக்கு இல்லாத காவல்

அறுபதுகளில் ஒரு வறட்சிக் கோடை. செஞ்சியை அடுத்த சிங்கவரம் பக்கம் ஓர் ஏரி குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. தண்டோரா போட்ட பிறகுதான் ஊரே சேர்ந்து மீன் பிடிக்கும்; அதுவரை யாரும் ஏரிக்குள் கால் வைக்கக் கூடாது. கரைமேல் மூங்கில் தடியோடு காவல்காரர் உட்கார்ந்திருந்தார். விலா எலும்பு தெரியும் உடம்பு. கொக்கும் நாரையும் மீனை விழுங்கும்போதெல்லாம் அவருடைய தொண்டையும் ஏறி இறங்கியது.

அந்த வழியாகப் போன நான் நின்று, "விரட்டக் கூடாதா?" என்றேன்.

"கல்லு அவ்ளோ தூரம் போவாது சார். எறங்கி வெரட்டினா, காவல்காரனே மீன் புடிக்கிறான்னுவாங்க."

அப்போது இடுப்பில் குழந்தையும் கையில் சட்டியுமாக ஒரு பெண் ஏரிக்குள் இறங்கினாள். அவர் எழுந்து தடியை ஓங்கினார்.

"ஏய், மேல ஏறு!"

"ஒரே ஒரு கெளுத்தி. கொழந்த நேத்துலேர்ந்து ஒண்ணும் துன்னல. கொக்கு துன்னா மட்டும் பரவால்லியா, நைனா?"

அவர் தடியை இறக்கவில்லை. அவள் வெறும் சட்டியோடு கரையேறிப் போய்விட்டாள்.

"உங்கள் மகளா?"

"ஆமா சார். அவள வுட்டுட்டு நாளைக்கு யாரத் தடுப்பேன்?"

"தண்டோரா போடுவதற்குள் மீன் தீர்ந்துவிடுமே?"

"அது ஊரு பாத்துக்கும்."

அவரை உட்காரவைத்திருந்தது நேர்மையா, ஊர்மேல் இருந்த பயமா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.