கிளச்சுக்கு எண்ணெய் முழுக்கு

கஹவத்தை பஸ் கடைசியாகத் திரும்பிப் போகிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யோகராஜைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். "டிரைவர்" என்றால்தான் திரும்புவார். இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டத்து டிராக்டரின், அங்கத்துப் பேச்சில் டெக்டரின், ஆசனத்தில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. டெக்டர் அவர் பிறப்பதற்கு முன்பே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. சிவப்பு டெக்டர் என்று சொல்வது பழைய பழக்கத்தில்தான். இப்போது பெயிண்ட் எது, துரு எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கீழ்மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போவதுதான் வேலை. அதை யோகராஜ் ஆகாய விமானம் ஓட்டுகிறவர் தோரணையில் செய்வார். தோட்டத்தை நடத்தும் துரைக்கு அடுத்தபடியாக அங்கே தினமும் காலில் சப்பாத்து போடுகிறவர் அவர்தான். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகளுக்கு நடுவில் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "இந்தக் கை ஸ்டேரிங் புடிச்ச கை" என்பார். யாரும் கேட்காமலே சொல்வார். "இந்த டெக்டர் என் காலுக்கு மட்டுந்தான் அடங்கும். வேற ஆளு ஏறினா ஒரு அடி நகராது."

போன மாதம் அது அவருக்கும் ஒரு அடி நகரவில்லை. கோவிலடி ஏற்றத்தில் என்ஜின் தொண்டை கிழியக் கத்தியது, சக்கரம் மட்டும் சும்மா நின்றது. கருகிய வாடை வந்தது. ட்ரெயிலரில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் இறங்கித் தள்ளினார்கள்.

டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார் யோகராஜ். டீசலை மாற்றியும் வண்டி ஏறவில்லை. கண்ணூறு என்று சொல்லி முன்பக்கத்தில் தேசிக்காயும் மிளகாயும் கட்டினார். அதற்கும் ஏறவில்லை. மூன்றாவதாக அவர் கண்டுபிடித்த குற்றவாளி, கஹவத்தையில் கராஜ் வைத்திருக்கும் பாறூக்.

"போன வருஷம் பாறூக் பாஸ் மாத்தின சீல் சரியில்லிங்க சேர். எண்ணெ ஒழுகி கிளச்சு பிளேட்டுல விழுது. அதான் வழுக்குது" என்று துரையிடம் சொன்னார்.

துரை இளம் வயதுக்காரர். டெக்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதன் நிறம் மட்டும். அதிலும் சந்தேகம் உண்டு என்று மேலே சொன்னேன். ஆனால் தீர்ப்புச் சொல்வதில் அவருக்குத் தயக்கமே கிடையாது. பாறூக்கை வரவழைத்து எல்லோர் முன்னாலும் கிளச்சைத் திறக்க வேண்டும். சீல் கசிந்திருந்தால் பாறூக் இனித் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. டிரைவர் பிழை என்றால், திங்கட்கிழமை முதல் டிரைவருக்குக் கவ்வாத்து மலை.

யோகராஜ் பொய் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும். இவர் சீல்தான் காரணம் என்று மனதார நம்பினார்.

சங்கதி இதுதான். ஒரு வருஷமாகக் கிளச் பெடலை மிதிக்கும்போதெல்லாம் வண்டியின் வயிற்றுக்குள்ளிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம். யோகராஜ் யோசித்துப் பார்த்தார். உடம்பில் சூடு ஏறினால் மனிதனுக்கு என்ன செய்கிறோம்? சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து முழுக்குப் போடுகிறோம். டெக்டருக்கும் சூடுதான் என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் தன் தலைக்கு வைத்தது போக மிச்ச எண்ணெயை ஒரு சின்னப் போத்தலில் கொண்டு போய், கிளச்சைப் பார்ப்பதற்காகக் கீழே விட்டிருக்கும் சிறிய ஜன்னலைத் திறந்து, உள்ளே பீய்ச்சிவிட்டு வருவார். இரண்டு நாளைக்குச் சத்தம் அடங்கும். வைத்தியம் பலித்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டில் எண்ணெய் குறைவதை மனைவி விஜயகலா கவனித்துக் கேட்டாள். எலி என்றார். "மூடிய தெறந்து குடிச்சிட்டு, திரும்ப மூடி வச்சிட்டுப் போற எலியா?" என்றாள்.

வியாழக்கிழமை காலை பாறூக் இரண்டு ஜாக்கியும் ஒரு சாக்கு நிறைய ஸ்பேனர் சாவிகளுமாக வந்து இறங்கினார். யோகராஜ் சலாம் வைத்தார், அவர் கண்டுகொள்ளவில்லை. தன்மேல் விழுந்த பழி அவருக்குக் கஹவத்தையிலேயே வந்து சேர்ந்திருந்தது.

அந்தக் காலத்து டெக்டரில் கிளச்சைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாறூக் முன்அச்சின் இருபுறமும் ரப்பர் மரக்கட்டையில் ஆப்பு செருகினார். இல்லையென்றால் பிரிந்ததும் என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கியர்பெட்டிக்கு அடியில் ஜாக்கி வைத்தார். ஆணிகளைக் கழற்றி, முன்பாதியை அங்குலம் அங்குலமாக முன்னே தள்ளினார். மத்தியானக் கொழுந்து நிறுக்க வந்த பெண்களும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யோகராஜ் அவருக்குப் பக்கத்தில், சாட்சிக்கு வந்தவர் போல, மார்பை நிமிர்த்தி நின்றார்.

பாறூக் முதலில் காட்டியது சீலைத்தான்.

"இந்தா பாருங்க சேர், என்ட சீல். விரல வச்சுப் பாருங்க. சொட்டுக் கசிவு இல்ல, காஞ்சு ஈக்குது."

துரை விரலை வைத்துப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. பாறூக் பிறகு கிளச் பிளேட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். கருகிக் கண்ணாடி போலப் பளபளத்தது. விளிம்பில் எண்ணெய் திரண்டு நின்றது. மூக்கருகே கொண்டு போனவர் சற்றுத் திகைத்து, மறுபடி முகர்ந்தார்.

"என்ஜின் ஒயிலும் இல்ல, கியர் ஒயிலும் இல்ல. சேர், இதுல முறுக்கு சுட்டுத் தின்னலாம்."

கூட்டத்திலிருந்து விஜயகலா முன்னால் வந்தாள். கொழுந்துச் சாக்கை இடுப்பில் இடுக்கியபடியே குனிந்து ஒரு தடவை முகர்ந்தாள்.

"அந்த எலி இதுக்குள்ளதான் இருந்திச்சா?" என்றாள் புருஷனைப் பார்த்து.

பெண்கள் சிரித்த சிரிப்பு தொழிற்சாலைக்குக் கேட்டிருக்கும். யோகராஜின் மார்பு மெல்ல மெல்ல உள்ளே போனது.

"சத்தம் வந்திச்சு பாஸ்... சனிக்கெழமையில கொஞ்சமாதான் ஊத்தினேன்..."

"சத்தம் போடுற அந்த பேரிங்க மாத்தணும்னு போன வருஷமே எழுதிக் குடுத்தேனே. கம்பனி வேணாண்டு சொல்லிச்சு" என்றார் பாறூக். அந்த இடத்தில் துரைக்குக் கைப்பேசியில் ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

பாறூக் புதுப் பிளேட்டை நடுவில் நேராக நிறுத்தி இறுக்கினார். அதை அமுக்கும் மூன்று இரும்பு விரல்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து பார்த்தார். பேரிங்கையும் இந்த முறை யாரையும் கேட்காமலே மாற்றினார். இரண்டு பாதியும் சேர்ந்த பிறகு, பெடலில் இரண்டு விரல் அளவுக்குச் சும்மா ஆட்டம் விட்டு முடித்தார். என்ஜின் ஓடியது, பெடலை மிதித்தால் ஒரு சத்தமும் இல்லை.

"பெடல் மேல காலப் போட்டுக்கிட்டே ஓட்ட வேணாம். கிளச்சு கால் வக்கிற பலகை இல்ல" என்றார். யோகராஜைப் பார்க்காமல்தான் சொன்னார்.

துரை எழுந்து தீர்ப்பைச் சொன்னார். யோகராஜுக்குத் திங்கள் முதல் கவ்வாத்து. டெக்டர், மலையில் கவ்வாத்து வெட்டும் சதீஸுக்கு. சதீஸிடம் லைசன்ஸ் இருந்தது; கொழும்பில் இரண்டு வருஷம் லொறி ஓட்டியவன்.

யோகராஜுக்குக் கண்கள் கலங்கின. அழுதுவிடுவோமோ என்று பயந்து கோவில் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்து ஆசனத்தில் நேற்று வந்த பையன் ஏறி உட்காருவதைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஆனாலும் ஒன்றை மனதுக்குள் எதிர்பார்த்தார்: தன் காலுக்கு மட்டுமே அடங்குகிற வண்டி சதீஸைக் கைவிட்டு மானத்தை வாங்கும்.

டெக்டர் சதீஸுக்கு நன்றாகவே அடங்கியது. முன்னே போனது, பின்னே வந்தது. அவன் நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அது முழுதாகக் கையோடு வந்துவிட்டது. அவன் இரும்பைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கினான்.

"ஹேண்ட் பிரேக் எங்கண்ணே?"

"அது இல்லாம நாலஞ்சு வருஷமாச்சு. ஏத்தத்துல அரைக் கிளச்சுல நிப்பாட்டுவேன்" என்றார் யோகராஜ். அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

"கால் பிரேக்கும் ஒரு பக்கந்தான் புடிக்குது. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு சேர். நான் மலைக்கே போறேன்" என்று சொல்லிச் சதீஸ் இரும்பைத் துரையின் நாற்காலியில் வைத்தான்.

துரை அடுத்தவனைக் கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். அதற்கடுத்தவன் கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டான். எவருக்கும் அந்த ஆசனம் வேண்டாம். எப்போதுமே வேண்டாமாக இருந்திருக்கிறது. யோகராஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இத்தனை வருஷமும் இவர்கள் ஒதுங்கி நின்றது தன் திறமையைக் கண்டல்ல என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது. சட்டையைக் கழற்றிப் பலர் முன்னால் நிற்க வைத்த மாதிரி வெட்கம்.

"சரி, யோகராஜே ஓட்டட்டும்" என்றார் துரை, பெரிய மன்னிப்புக் கொடுப்பவர் போல.

பாறூக் சாவிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஒரு மணித்தியால வேல சேர். ஹேண்ட் பிரேக்கயும் செஞ்சிட்டே போறேன். ஒங்கட தோட்டத்துப் பொம்புளயள்தானே பின்னால ஏறிப் போறாங்க. எனக்குக் காசும் வேணாம்."

துரை யோகராஜைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது.

பிரேக் சரியானால் சதீஸும் ஓட்டுவான், நாளை எவனும் ஓட்டுவான். யோகராஜ் இதை யோசிக்கக் கணநேரமும் எடுத்துக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் தேவையில்லிங்க சேர். நான் சமாளிச்சுக்குவேன்."

"வெரி குட்" என்றார் துரை. பாறூக் சாக்கின் வாயைக் கட்டினார்.

மூட்டைகள் ஏறின. வழக்கமாக இறக்கப் போகிற நாலு பெண்களும் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார்கள், விஜயகலாவும்தான். யோகராஜ் ஆசனத்தில் அமர்ந்து, சப்பாத்துக் காலைப் பழக்கத்தில் கிளச் பெடல் மேலேயே வைத்து, ஏற்றத்தை நோக்கித் திருப்பினார். வண்டி இழுத்தது, பிரமாதமாக இழுத்தது. பின்னால் யாரோ ட்ரெயிலர் பலகையைத் தட்டும் சத்தம் கேட்டு அரைக் கிளச்சில் நிறுத்தினார்.

விஜயகலா இறங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து மற்ற மூவரும் இறங்கினார்கள். ஆளுக்கொரு மூட்டையை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, டெக்டரைக் கடந்து ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்தார்கள்.